ரப்பர் விளையோரம் தரை மறைப்பு கட்டி மிளா படம் எடுப்பது: முழுமையான வழிகாட்டி

தரையில் மறைப்பு கட்டி, மான் இருபது மீட்டருக்குள் வரும்வரை காத்திருந்து வில்லால் அடிக்கும் வேட்டை, அமெரிக்காவில் உரிமம் வாங்கிச் செய்கிற காரியம். நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் வந்தபிறகு அந்தப் பேச்சுக்கே இடமில்லை. ஆனால் அந்த வில்லாளிகள் கற்றுவைத்திருக்கும் வித்தையில் முக்கால் பங்கு வில்லைப் பற்றியதே அல்ல. காற்று பார்ப்பது, விலங்கு போய்வரும் தடம் அறிவது, அசையாமல் உட்காருவது இவைதான் அதில் பெரும்பகுதி. மிளாவை, அதாவது கடமானை, படம் எடுக்கும் கேமராவுக்கும் அதேதான் வேண்டும். கன்னியாகுமரி மாவட்டத்தில் மலையடிவாரத்தில் சொந்த ரப்பர் விளையோ (தோட்டத்தை இங்கே விளை என்போம்), மரச்சீனி என்கிற மரவள்ளித் தோட்டமோ உள்ளவர்களுக்காக எழுதப்பட்டது இது.

எங்கே கட்டலாம், எங்கே கூடாது

பட்டா நிலத்தில் மட்டும். கீரிப்பாறை, காளிகேசம், பேச்சிப்பாறை, கோதையாறு என்று நாம் சொல்கிற மலைக்காடு பெரும்பாலும் காப்புக்காடு. சுமார் 402 சதுர கிலோமீட்டர் கன்னியாகுமரி வனவிலங்கு சரணாலயமாகவும் இருக்கிறது. அதற்குள் அனுமதி இல்லாமல் கால் வைப்பதே குற்றம், கம்பு நட்டு ஓலை கட்டுவதைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அரசு ரப்பர் தோட்டமும் அப்படித்தான். காட்டை ஒட்டிய சொந்த விளை என்றாலும், கட்டுவதற்கு முன் வனச்சரக அலுவலகத்தில் ஒரு கடிதம் கொடுத்துவிடுங்கள். இருட்டில் மறைப்புக்குள் ஆள் பதுங்கியிருப்பதைப் பார்க்கும் வனக்காவலருக்கு நீங்கள் படம் எடுக்க வந்தவரா, சுருக்கு வைக்க வந்தவரா என்று எப்படித் தெரியும்?

இன்னொன்று. உப்புக்கட்டி வைப்பது, சக்கைப்பழம் (பலாப்பழம்) வெட்டிப் போடுவது, மரச்சீனிக் கிழங்கு குவிப்பது எதுவும் வேண்டாம். தீனி காட்டி இழுப்பது சட்டம் சொல்லும் வேட்டை என்ற வரையறைக்குள்ளேயே வருகிறது. அது போக, தீனி போட்ட இடத்துக்கு முதலில் வருவது மிளா அல்ல, காட்டுப்பன்றிக் கூட்டம். பக்கத்து விளைக்காரரின் வாழை போனால் சண்டை உங்கள் வாசலுக்கு வரும்.

யார் வருகிறார்கள் என்று முதலில் பாருங்கள்

இந்த மலையடிவாரத்தில் எதிர்பார்க்கக்கூடியவை மூன்று. மிளா, தோள் உயரமே ஏறக்குறைய நாலரை அடி வரும். கேளையாடு, நாட்டு வெள்ளாட்டின் உயரம், பயந்தால் நாய் மாதிரிக் குரைக்கும். சருகுமான், முயலைவிடச் சற்றுப் பெரிது, பெரும்பாலும் இரவாளி. தரை மறைப்பிலிருந்து கிடைப்பது அதிர்ஷ்டம்தான், அதை நம்பி எதையும் திட்டமிட வேண்டாம்.

தடத்தில் குழப்பம் வருவது மிளாவுக்கும் பன்றிக்கும் இடையில். இரண்டும் பிளவுக் குளம்பு. பன்றியின் தடத்தில் பின்பக்கம் இரண்டு சிறு குளம்புகள் அகலமாக விலகி, மண் கொஞ்சம் இளகியிருந்தாலே பதியும். மிளாத் தடம் நீண்டு, முன்முனை கூர்ந்து, நல்ல கிடாவுக்கு ஆறு முதல் எட்டு சென்டிமீட்டர் இருக்கும். சேற்றில் ஓடினால் தவிரப் பின் குளம்பு பதியாது. கேளையாட்டுத் தடம் அதில் பாதிதான். மேயும் மாட்டின் தடம் உருண்டையாக இருக்கும், அதைக் கழித்துவிடலாம்.

வெறும் கண்ணால் தடம் தேடுவதைவிட மண்படுக்கை போடுவது நல்லது. ஓடைக்கு இறங்கும் வழி, வேலியில் கம்பி தாழ்ந்த இடம், நெல்லி மரத்தடி என்று சந்தேகப்படும் மூன்று நான்கு இடங்களில் சருகை வாரிவிட்டு, ஒரு மீட்டர் அகலத்துக்கும் மூன்று மீட்டர் நீளத்துக்கும் சலித்த மண்ணை இரண்டு விரல் கனத்தில் பரப்புங்கள். தினமும் காலை எட்டு மணிக்குப் பார்த்து, எந்தத் தடம், எந்தத் திசை என்று நோட்டில் குறித்துவிட்டு, தென்னை விளக்குமாற்றால் இழுத்துச் சமன் செய்யுங்கள். பத்து நாளில் எந்த வழி அன்றாட வழி, எது என்றோ ஒருநாள் வழி என்று தெரிந்துவிடும். பத்தில் ஆறு நாளாவது தடம் விழாத இடத்தில் மறைப்பு கட்டாதீர்கள்.

ரப்பர் மரத்தில் பாலெடுக்கும் பால்வெட்டு நாட்களையும் அதே நோட்டில் எழுதுங்கள். மிளாவுக்கு வெட்டுக்காரரின் கணக்கு நன்றாகத் தெரியும். தலைவிளக்கோடு அவர் விடியுமுன் வரும் நாளில் அது முன்கூட்டியே காட்டுக்குள் ஏறிவிடும். ஒன்றுவிட்டு ஒருநாள் வெட்டும் விளையில், வெட்டில்லாத காலை வெளிச்சம் வந்தபிறகும் நின்று மேயும். ரப்பர் இலை பொழிந்து வெட்டு நிறுத்தியிருக்கும் பிப்ரவரி வாக்கில் இன்னும் நல்லது: ஆள் நடமாட்டம் இல்லை, மேலே இலைக்கூரை இல்லாததால் வெளிச்சம் தாராளம், ஓடையில் தண்ணீர் வற்றிக் குழிகளில் மட்டும் நிற்பதால் மிருகம் வரும் இடமும் குறுகிவிடும். டிசம்பர் கடைசி முதல் மார்ச் வரைதான் இதற்குக் காலம். ஜூன் தொடங்கிச் சாரல் விழும்போது அட்டையும் சுழல்காற்றும் சேர்ந்து எல்லாக் கணக்கையும் கெடுக்கும். ஐப்பசியில் மதியத்துக்கு மேல் இடி; மரத்தடியில் உட்கார அது நேரமே அல்ல.

காற்று

தோற்கிற மறைப்புகளில் பெரும்பாலானவை காற்றில்தான் தோற்கின்றன. ஓலை எவ்வளவு நேர்த்தியாக முடைந்திருந்தாலும், உங்கள் வாடை மானின் மூக்குக்குப் போனால் நீங்கள் நடு ரோட்டில் நிற்பதற்குச் சமம்.

ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றாலை சுற்றுவதைப் பார்த்து, மாவட்டம் முழுக்க ஒரே திசையில் அடிக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது. ஓடைப் பள்ளத்துக்குள், மரத்துக்கு அடியில், காற்றுக்குத் தனிக் கால்வாய் இருக்கிறது. இரவில் மலைச்சரிவு குளிர்ந்து, கனத்த காற்று தண்ணீர் போலவே ஓடை வழியாக இறங்கும். வெயில் ஏறியதும் சரிவு சூடாகி, அதே காற்று திரும்பி மேலே ஏறும். நம் பக்கம் ஒரு சலுகை உண்டு. மலைமுகடு கிழக்கே, சரிவு மேற்கும் தெற்கும் பார்த்தது. ஆகவே ஆறரைக்குச் சூரியன் உதித்தாலும் அடிவாரத்துக்கு வெயில் வரத் தாமதமாகும், இறங்கு காற்று அவ்வளவு நேரம் கூடுதலாக நீடிக்கும். மாலையில் நேர்மாறு. மேற்கு வெயில் சரிவில் நேராக அடிக்கும், கடல்காற்றும் கூடச் சேர்ந்து மேலே தள்ளும், பொழுது சாயும் நேரத்தில் சட்டென்று நின்று, பிறகு இறங்கத் தொடங்கும். மான் வருவதும் சரியாக அந்த நேரத்தில்தான். அதனால்தான் மாலைக் காத்திருப்பு அத்தனை முறை வீணாகிறது. புதிதாகத் தொடங்குபவர்கள் காலையை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இதைப் பார்க்க இலவம்பஞ்சு போதும். முகப்பவுடரைவிட மேல், ஏனென்றால் பவுடர் இரண்டு அடியில் கரைந்துவிடும், பஞ்சு இருபது மீட்டர் போவதைக் கண்ணால் தொடரலாம். விதையில்லாத பஞ்சில் கடுகளவு கிள்ளி, உட்காரப்போகும் இடத்தில், மூக்கின் உயரத்தில் விடுங்கள். விடியுமுன் அது முதலில் அசையாமல் தொங்குவது போல நிற்கும். பிறகு தரையைத் தடவிக்கொண்டே ஓடைப்பக்கம் சரிந்து, பாறையைச் சுற்றி, தண்ணீரோடு கீழே போகும். ஏழரை எட்டுக்கு விட்ட பஞ்சு ஓரிடத்தில் சுழலும், திரும்பிவரும், மரத்தண்டில் ஒட்டும். காற்று திரும்பப்போகிறது என்று அர்த்தம். அதற்குப் பத்து நிமிடம் கழித்து விட்டது நேராக மேலே ஏறினால், அன்றைய ஆட்டம் முடிந்தது, எழுந்து போகலாம். ஐந்து விடியலாவது அரைமணிக்கு ஒருமுறை இதைச் செய்து நேரத்தைக் குறியுங்கள்.

முடிவு எளிது. காலை மறைப்பு, மான் வரும் தடத்துக்குக் கீழ்ப்பக்கம், ஓடை ஓடும் திசையில் இருக்க வேண்டும். நீங்கள் நடந்து வரும் வழியும் கீழிருந்தே வர வேண்டும். பலர் மறைப்பைச் சரியாக வைத்துவிட்டு, மான் தடத்தையே குறுக்கே மிதித்துக்கொண்டு உள்ளே போகிறார்கள். மிதித்த செருப்பின் வாடை மணிக்கணக்கில் நிற்கும்.

உடம்பு வாடையை முழுதாகப் போக்க முடியாது, குறைக்கலாம். முந்தின இரவு முதல் தலைக்குத் தேங்காய் எண்ணெய் கிடையாது, சோப்பு கிடையாது, விபூதி சந்தனமும் மணக்கும் என்பதை மறக்க வேண்டாம். உடுப்பை வெறும் தண்ணீரில் அலசி, வீட்டுக்குள் அல்லாமல் விளையில் காயவைத்து, உலர்ந்த ரப்பர் சருகோடு சாக்கில் கட்டி வையுங்கள். ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைப்புரையில் மட்டும் தொங்கவிடாதீர்கள். சொட்டு நீலம் போட்ட துணியும் ஆகாது. மானுக்குச் சிவப்பு, ஆரஞ்சு நிறங்கள் மங்கல்தான், ஆனால் நீலமும் புற ஊதாவும் நன்றாகத் தெரியும். நம் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிகிற வேட்டி அதற்கு விளக்குப் போலத் தெரியும்.

கட்டுவது

அளவு: அகலம் 1.8 மீட்டர், ஆழம் 1.5, உயரம் 1.5. ஒருவர் கேமராவோடு தாராளமாக, இருவர் நெருக்கிக்கொண்டு உட்காரலாம். இதைவிட உயர்த்தினால் பார்வையில் உறுத்தும்.

வேண்டியவை: இரண்டு மீட்டர் நீளத்தில் கமுகுக் கம்பு அல்லது மூங்கில் ஆறு, குறுக்கே கட்ட எட்டு வாரி, முடைந்த தென்னோலை முப்பது, தும்புக்கயிறு ஒரு பெரிய கட்டு, உள்ளே அடிக்கக் கறுப்புப் பருத்தித் துணி சுமார் 12 சதுர மீட்டர். துணிக்குக் காசு செலவழிக்க வேண்டாம். மாலை போட்டுக் கழற்றியவர்கள் வீடுகளில் தை மாதத்துக்குப் பிறகு கறுப்பு வேட்டி சும்மா கிடக்கும், ஆறு கேட்டு வாங்கினால் போதும். நைலான், தார்ப்பாய் இரண்டும் தொட்டாலே சத்தம் போடும். மழைக்குத் தார்ப்பாய் வேண்டுமென்றால் இரண்டு ஓலை அடுக்குக்கு நடுவே, இறுக்கிக் கட்டி வையுங்கள்.

1. தடத்திலிருந்து 25 முதல் 30 மீட்டர் தள்ளி, பின்னால் பெரிய மரமோ புதரோ உள்ள இடம் எடுங்கள். பின்புலம் வெளிச்சமாக இருந்தால் மறைப்பு பெட்டிபோலத் துருத்தும். முகப்பு வடக்கோ தெற்கோ பார்க்கட்டும். கிழக்கு பார்த்தால் வெயில் உள்ளே விழுந்து உங்கள் முகத்தைக் காட்டிக்கொடுக்கும்.

2. உட்காரும் தரையையும் சுற்றி இரண்டு மீட்டரையும் மண்வெட்டியால் சீவி வெறும் மண்ணாக்குங்கள். வேர், கல் எதுவும் இருக்கக் கூடாது. வரும் வழியில் கடைசி ஐம்பது மீட்டருக்கும் சருகு வாரவேண்டும். உலர்ந்த ரப்பர் இலையை மிதித்தால் அப்பளம் நொறுங்குகிற சத்தம். மற்ற இடத்துச் சருகை அப்படியே விடுங்கள். மிளா வருவதை அதுதான் உங்களுக்கு முன்னறிவிக்கும்.

3. கம்பை 45 சென்டிமீட்டர் ஆழத்தில் நட்டு, மண்ணை இடித்து இறுக்குங்கள். ஆணி வேண்டாம், கயிறு போதும். காற்றில் ஆணியடித்த சட்டம் கிறீச்சிடும், கயிற்றுக் கட்டு சத்தம் போடாது.

4. ஓலையைக் கீழிருந்து மேலாக, ஒன்றின் பாதியை அடுத்தது மூடும்படி கட்டுங்கள். பழுத்த பழுப்பு ஓலைதான் கோடைக்குப் பொருந்தும். பச்சையாக முடைந்தது பத்து நாளில் நிறம் மாறும்போது தனியாகத் தெரியும்.

5. உள்ளே நான்கு பக்கமும் கூரையும் கறுப்புத் துணி. முதுகுப்பக்கம் ஒரு பொட்டு வெளிச்சம் வந்தாலும் உங்கள் தலை நிழலாக அசைவது முன்னால் தெரியும். உள்ளே போய்க் கதவை மூடிவிட்டு, வெளியே ஒருவரை நிறுத்தி, கையை ஆட்டிப் பாருங்கள். அவருக்குத் தெரிந்தால் மானுக்கும் தெரியும்.

6. சன்னல் இரண்டு. ஒன்று தரையிலிருந்து 90 சென்டிமீட்டரில், மிளாவுக்கு. இன்னொன்று 50 சென்டிமீட்டரில், கேளையாட்டுக்கு. அகலம் 40, உயரம் 15 போதும். பெரிதாக வெட்டும் ஆசை எல்லோருக்கும் வரும், அடக்கிக்கொள்ளுங்கள். லென்ஸைச் சுற்றிக் கறுப்பு வலையைத் தொங்கவிட்டு அடியில் கட்டிவிடுங்கள்.

7. வாசல் பின்பக்கம், துணித் திரையாக. முடிச்சுப் போட்டுக் கட்டாதீர்கள், அவசரத்தில் வெளியேற வேண்டிவரும்.

கட்டி முடித்த அன்றே போய் உட்காருவதுதான் அதிகம் நடக்கும் தவறு. மிளா புதுப் பொருளைச் சுற்றிவந்து மோந்து பார்க்கும். பன்னிரண்டு நாளாவது சும்மா விடுங்கள். மண்படுக்கையில் தடம் மறைப்புக்கு முன்னால் பழையபடி நேராக விழத் தொடங்கினால் ஏற்றுக்கொண்டுவிட்டது என்று பொருள். தடம் வளைந்து விலகிப் போனால் இன்னும் ஒரு வாரம்.

லென்ஸும் தூரமும்

சென்சாரின் அகலத்தை லென்ஸின் மில்லிமீட்டரால் வகுத்து, தூரத்தால் பெருக்கினால் படத்தில் அடங்கும் அகலம் வரும். ஃபுல் ஃபிரேம் கேமராவில் (சென்சார் அகலம் 36 மி.மீ.) 400 மி.மீ. லென்ஸ் போட்டு 25 மீட்டரில் நின்றால் 2.25 மீட்டர். கிடா மிளா நீளவாட்டில் நின்றால் அது முட்டும். 30 மீட்டரில் 2.7, மூச்சுவிட இடம் கிடைக்கும். சிறிய சென்சார் கேமராவில் 300 மி.மீ. லென்ஸே ஏறக்குறைய அதே கணக்கு. இன்னும் நீள லென்ஸ் வாங்குவதைவிட மறைப்பைச் சரியாக வைப்பது மலிவு.

விடியலில் மரத்தடியில் வெளிச்சம் மிகக் குறைவு. லென்ஸ் துவாரம் எஃப் 5.6-இல், ஒளி உணர்திறனான ஐ.எஸ்.ஓ.வை 3200 முதல் 6400 வரை ஏற்றி, ஷட்டர் வேகம் 1/125 நொடி கிடைத்தால் போதும். மேயும் மிளா தலையைத் தவிர அசையாது. சத்தமில்லாத ஷட்டர் இருந்தால் அதுவே. ஃபோகஸ் விளக்கு, பீப், எடுத்த படம் திரையில் வருவது மூன்றையும் வீட்டிலேயே அணையுங்கள். திரை வெளிச்சம் கறுப்பு மறைப்புக்குள் முகத்தில் அடிக்கும்.

உட்காரும் காலை

வெளிச்சம் வர முக்கால் மணி நேரம் முன்பே உள்ளே இருக்க வேண்டும். டார்ச்சைத் தரைக்கு மட்டும் அடித்து, உள்ளே நுழையுமுன் பலகைக்கு அடியிலும் துணி மடிப்பிலும் பாருங்கள். ரப்பர் சருகில் குழிவிரியன் படுத்திருப்பது நம் பக்கம் சாதாரணம். பிளாஸ்டிக் நாற்காலி முனகும். தாழ்ந்த மரக் குரண்டி (உட்காரும் பலகை), மேலே மடித்த சாக்கு. தண்ணீர் மூடியைத் திறந்து ஒருமுறை தளர்த்தி வையுங்கள். இருமல் வந்தால் வாயில் கற்கண்டு. சிப்ஸ் பாக்கெட், பிளாஸ்கில் காப்பி வேண்டாம்.

மிளா வரும்போது முதலில் சருகுச் சத்தம், பிறகு நீண்ட மௌனம். அது நின்று கேட்கிறது. தலை தூக்கியிருக்கும்போது லென்ஸை அசைக்கக் கூடாது. தலை தாழ்ந்து மேயத் தொடங்கினால் அசைக்கலாம். காது உங்கள் பக்கம் திரும்பினால் நிறுத்துங்கள். வந்ததும் படம் எடுக்காதீர்கள். இரண்டு மூன்று நிமிடம் மேயவிட்டு, மெல்லுகிற நேரத்தில் ஒரே ஒரு படம். தலை தூக்கவில்லை என்றால் தொடருங்கள். முன்னங்காலால் தரையைத் தட்டினால் சந்தேகம், உறைந்துவிடுங்கள். வாலைத் தூக்கி ‘பாங்க்’ என்று ஒரு கத்துக் கத்தினால் காடு முழுக்கச் செய்தி போய்விட்டது. அன்று அவ்வளவுதான்.

அது பார்த்துக்கொண்டிருக்கும்போது மட்டும் வெளியே வராதீர்கள். இந்த ஓலைக்குடிலில் மனிதன் இருக்கிறான் என்று ஒருமுறை தெரிந்தால் அந்த மறைப்பு செத்தது. அதை நகர்த்துவதுதான் வழி. மிருகம் தானாக விலகி இருபது நிமிடம் கழித்து எழுங்கள். வாரத்துக்கு இரண்டு காலைக்கு மேல் ஒரே மறைப்பில் உட்கார வேண்டாம்.

உயிருக்கு ஆபத்தானவை

இருட்டில் நடப்பதில் மிருகத்தைவிட மனிதன் வைத்தவை மோசம். மரச்சீனி, வாழைத் தோட்டங்களில் பன்றிக்காகச் சிலர் சட்டவிரோதமாக மின்கம்பி இழுத்துவிடுகிறார்கள். சுற்றியுள்ள விளைக்காரர்கள் எல்லோரிடமும் முன்கூட்டிக் கேட்டு, பகலில் நடந்து பார்த்த வழியில் மட்டும் போங்கள். பழத்துக்குள்ளோ கொழுப்புருண்டைக்குள்ளோ வெடிமருந்து வைத்த அவுட்டுக்காய் கிடக்கலாம். தரையில் காணும் உருண்டையை எடுக்கவும் வேண்டாம், காலால் தள்ளவும் வேண்டாம். சுருக்குக் கம்பி கண்டால் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

புது யானைப் பிண்டமோ ஒடிந்த ஈற்றையோ (மெல்லிய காட்டு மூங்கில்) கண்டால் அந்த வாரம் உட்காராதீர்கள். ஓலைச்சுவர் யானையை நிறுத்தாது.

கணுக்காலுக்கு மேல் வரும் ரப்பர் பூட்ஸ் கட்டாயம். பாம்பு கடித்தால் கட்டுப் போடாமல், கீறாமல், காலை அசைக்காமல் 108-ஐ அழைத்து ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள். மறைப்பு இருக்கும் இடத்தில் போன் சிக்னல் வருகிறதா என்று கட்டும் நாளிலேயே பார்த்து, வராவிட்டால் எங்கே வரும் என்று தெரிந்துவையுங்கள். எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று வீட்டில் சொல்லிவிட்டே கிளம்ப வேண்டும்.

பிரிப்பது

மே மாதக் கடைசிக்குள் பிரித்துவிடுங்கள். மழையில் நனைந்த ஓலைக்குள் கரையான் ஏறும், எலி கூடு கட்டும், எலியைத் தேடிப் பாம்பு வரும். ஓலையை விளையிலேயே தென்னை மூட்டில் போட்டு மக்கவிடலாம். கம்பைப் பிடுங்கிக் குழியை மூடி, சருகை மேலே இழுத்துவிடுங்கள். கயிற்றில் ஒரு துண்டும் விடாமல் பொறுக்குங்கள். வளையமாகக் கிடக்கும் கயிறு கேளையாட்டின் காலுக்குச் சுருக்காகும். கறுப்பு வேட்டிகளைத் துவைத்து உலர்த்திச் சாக்கில் கட்டி வைத்தால் அடுத்த மார்கழிக்கு ஆகும்.